ஒரே உலோகப் பரப்பில் இரண்டு வாயுக்கள்: எது எதைத் தள்ளுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், சுத்தம் செய்த பிளாட்டினத் துண்டின் மேல் முதலில் ஹைட்ரஜனையும் அதன்பின் கார்பன் மோனாக்சைடையும் விட்டு, மெதுவாகச் சூடாக்கி, கிளம்பும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது மூலக்கூறுகளை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் கருவியில், கோடாகப் பதிவு செய்தேன். கார்பன் மோனாக்சைடு தனியாக இருக்கும்போது எந்த வெப்பநிலையில் கிளம்புமோ அதே இடத்தில்தான் கிளம்பியது. "இரண்டுக்கும் இடையே எந்தப் பாதிப்பும் இல்லை" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என் சீனியர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஹைட்ரஜன் கோடு எங்கேப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் அதைப் பதிவே செய்திருக்கவில்லை.

மறுநாள் ஹைட்ரஜனின் நிறை எண் 2-ஐயும் சேர்த்துப் பதிவு செய்தோம். ஹைட்ரஜன் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே பரப்பை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு 400 கெல்வினைத் தாண்டிக் கிளம்பும் நேரத்தில் பரப்பில் ஹைட்ரஜன் துளியும் மிச்சமில்லை. காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கடைசியில் இருப்பவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதலில் கிளம்பியவரைத்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மற்றவை அதைச் சுற்றி வருகின்றன.

பள்ளிப் பாடத்தில் பரப்பு கவர்தல் என்று படித்திருப்பீர்கள். வாயு மூலக்கூறு திண்மத்துக்குள் போகாமல் மேலேயே ஒட்டிக்கொள்வது. திரும்பக் கிளம்பிப் போவது பரப்பு நீக்கம். ஒரு வாயு மட்டும் என்றால் கதை சுலபம். இரண்டு வாயுக்கள் ஒரே பரப்பில் குடியேறினால் ஒன்றையொன்று தள்ளலாம், இழுக்கலாம், இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை உள்ளேயே விடாமல் செய்யலாம், வினைபுரிந்து மூன்றாவது ஒன்றாக மாறலாம். வினையூக்கி வேலை செய்வதும் செத்துப்போவதும் இதில்தான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மேல் எப்படி நடந்துகொள்கின்றன என்று வேதியியலாளர் லாங்முயர் 1922-லேயே எழுதிவிட்டார். நூறு வருடம் கழித்தும் அதே ஜோடியை வைத்துத்தான் புதியவர்கள் பழகுகிறார்கள். நல்ல ஜோடி அது.

முதலில் பரப்பு, பிறகு வாயு

ஒற்றைப் படிகமாக வெட்டிய பிளாட்டினம், அதன் (111) முகம் (எந்தத் திசையில் வெட்டினோம் என்பதைச் சொல்லும் எண் அது), இதில் தொடங்குங்கள். அணுக்கள் தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 2.77 ஆங்ஸ்ட்ராம். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1.5 × 10¹⁵ அணுக்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஓர் அடுக்கு, கால்வாசி இடம் என்று பின்னால் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

ஆர்கான் அயனிகளால் அடித்துச் சுரண்டி, ஆக்சிஜனில் வைத்துச் சூடாக்கிக் கார்பனை எரித்து, கடைசியில் வெற்றிடத்தில் 1000 கெல்வினுக்கு மேல் ஒரு நிமிடம் கொண்டுபோய் இறக்க வேண்டும். அறை விளக்கை அணைத்தால் ஜன்னல் வழியே சாம்பிள் ஆரஞ்சு நிறத்தில் கனிவது தெரியும். ஓரம் மட்டும் பளிச்சென்று நடு மங்கலாகத் தெரிந்தால் வெப்பம் சீராகப் பரவவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். சூடு சீராக இல்லாத சாம்பிளில் ஒரே உச்சி, அதாவது கோட்டில் வாயு மிக அதிகமாகக் கிளம்பும் இடம், அகன்றும் இரண்டாகப் பிளந்தும் தெரியும். நீங்கள் அதை மூலக்கூறுகளின் குணம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அப்புறம் வெற்றிடம். 10⁻¹⁰ டார் என்றால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10⁻⁶ டார் அழுத்தத்தில் ஒரு விநாடி வைத்தால் அது 1 லாங்முயர். வந்து மோதுவதெல்லாம் ஒட்டிக்கொண்டால் தோராயமாக ஓர் அடுக்கு என்று சொல்வது வழக்கம். 10⁻¹⁰ டாரில் சாம்பிள் குளிர்வதற்காக 1000 விநாடி காத்திருந்தால் 0.1 லாங்முயர் தானாகவே வந்துவிடும். அதில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும்தான், ஏனென்றால் எஃகுச் சுவரிலிருந்தும் சூடான இழைகளிலிருந்தும் அவைதான் கசியும். ஆக, "நான் ஒரு வாயுதான் விட்டேன்" என்று நீங்கள் நினைக்கும்போதே பரப்பில் இரண்டு இருக்கக்கூடும். எந்த வாயுவும் விடாமல் அதே நேரம் காத்திருந்து ஒரு வெற்று ஓட்டம் எடுத்து வையுங்கள். அதைக் கழிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு உருளையைப் பற்றி இரண்டு வார்த்தை. நிறமும் வாசமும் இல்லாத நஞ்சு. அறையில் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் வால்வைத் தொடக்கூடாது, பம்பின் வெளிக்குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். இன்னொன்று, எஃகு உருளையில் நாள்பட்ட வாயுவில் இரும்பு, நிக்கல் கார்பனைல்கள் கலந்திருக்கும். அவை பரப்பில் வந்து உடைந்து, உலோகத்தையே அங்கே படியவிடும். வாயுக் குழாயை ஒரு குளிர்ப்பொறி வழியாகக் கொண்டு போனால் அவை அதிலேயே நின்றுவிடும்.

தனித்தனியாக ஒரு குடும்பம்

இரண்டு வாயுவையும் சேர்த்து விடும் ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் தனியாக, 0.1 லாங்முயரிலிருந்து பரப்பு நிரம்பும் வரை எட்டுப் பத்து அளவுகளில் விட்டு, ஒவ்வொரு முறையும் விநாடிக்கு 2 கெல்வின் என்ற ஒரே வேகத்தில் சூடாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கோடு எடுங்கள். இப்படி வரும் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் ஒரு குடும்பப் படம் கிடைக்கும். பின்னால் வரும் கலப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

கார்பன் மோனாக்சைடு குடும்பத்தைப் பாருங்கள். குறைந்த அளவில் உச்சி வலது பக்கம், அதிக வெப்பநிலையில் நிற்கும். அளவைக் கூட்டக் கூட்ட இடது பக்கம் சரியும். மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புகின்றன. ஒரே இனத்துக்குள்ளேயே தள்ளுதல் இருக்கிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் நம்மை ஏமாற்றப் பார்க்கும்.

ஹைட்ரஜன் வேறு மாதிரி. அது பரப்பில் அணுக்களாகப் பிரிந்து உட்காரும். கிளம்பும்போது இரண்டு அணுக்கள் சந்தித்தால்தான் மூலக்கூறாகும். அதனால் அணுக்கள் கூடக் கூடச் சந்திப்பு சுலபமாகி, தள்ளுதல் எதுவுமே இல்லாவிட்டாலும் உச்சி இடதுபக்கம் நகரும். நகர்ந்தால் உடனே விலக்கம், அதாவது தள்ளுதல், என்று எழுதிவிடாதீர்கள்.

யாரை முதலில் விடுவது

இதில் வரிசைதான் முக்கியம். ஆக்சிஜன் மூலக்கூறு பிரிந்து உட்கார அக்கம்பக்கமாகக் காலியிடங்கள் வேண்டும், ஹைட்ரஜனுக்கும் அப்படியே. கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் இடம் போதும். ஆகவே கார்பன் மோனாக்சைடை முதலில் நிரப்பிவிட்டால் மற்ற இரண்டும் உள்ளே வரவே முடியாது. வினையூக்கி நச்சு என்று சொல்வது இதைத்தான். மாறாக, ஆக்சிஜனை முதலில் விட்டால் அணுக்கள் கால்வாசி இடத்தை மட்டும் பிடித்து, (2×2) என்ற, இரு திசையிலும் இரட்டை இடைவெளி விட்ட ஒழுங்கில் நிற்கும். நடுவே இருக்கும் இடங்களில் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வந்து உட்காரும். ஒரே ஜோடி, வரிசை மாறினால் விளைவே மாறிவிடுகிறது. அதனால் இரண்டு வரிசையிலும் செய்து பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் கடையைக் கட்டாதீர்கள்.

ஆக்சிஜனுக்கு ஒரு நுணுக்கம். 100 கெல்வினுக்குக் கீழே விட்டால் அது மூலக்கூறாகவே ஒட்டும். சுமார் 150 கெல்வினில்தான் உடையும், உடையாத மிச்சம் கிளம்பிவிடும். ஆகவே குளிரில் ஆக்சிஜனை விட்டு, 300 கெல்வின் வரை சூடாக்கி அணுக்களாக்கி, மறுபடி 100 கெல்வினுக்கு இறக்கி, அதன்பின் கார்பன் மோனாக்சைடை விடுங்கள். இந்த நடுச்சூட்டை விட்டுவிட்டால் பரப்பில் அணுவும் மூலக்கூறும் கலந்து கிடக்கும்.

வாயு விடும்போது 10⁻⁸ டாரில் 100 விநாடி வைப்பது, 10⁻⁷ டாரில் 10 விநாடி வைப்பதைவிட நல்லது. வால்வைத் திறந்து மூடும் கைநேரம் அதில் அடிபட்டுப்போகும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இழையிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் சாம்பிளைத் தாக்கி மூலக்கூறுகளை உடைக்கும். சாம்பிளுக்கு மைனஸ் 100 வோல்ட் அளவில் கொடுத்து அவற்றைத் திருப்பி அனுப்புங்கள்.

எந்த நிறைகளைப் பார்ப்பது

28-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் இரண்டுமே 28. சந்தேகம் வந்தால் 12-ஐயும் 14-ஐயும் பாருங்கள்: 12 ஏறினால் கார்பன், 14 ஏறினால் பெரும்பாலும் நைட்ரஜன். வசதி இருந்தால் கார்பன்-13 போட்ட வாயுவை வாங்கிக்கொள்ளுங்கள், அது 29-ல் தனியாக வரும், சேம்பரின் பழைய கார்பன் மோனாக்சைடு குழப்பாது. ஆக்சிஜனோடு சேர்த்தால் 44 கட்டாயம் வேண்டும். கார்பன் டைஆக்சைடு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் உடைந்து 28-லும் கொஞ்சம் காட்டும், 44-ல் வருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதைக் கழிக்காவிட்டால் 300 கெல்வின் பக்கத்தில் இல்லாத ஒரு கார்பன் மோனாக்சைடு உச்சியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கோட்டைப் படிப்பது

கலப்புக் கோட்டையும் தனிக் கோட்டையும் ஒரே தாளில் வையுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவும் உச்சியின் இடமும் தனித்தனிச் செய்திகள். பரப்பளவு குறைந்து, இடம் மாறாமல் இருந்தால் இரண்டாவது வாயு வெறுமனே இடத்தைப் பிடித்துக்கொண்டது, வேறொன்றும் செய்யவில்லை. பரப்பளவு மாறாமல் இடம் மட்டும் நகர்ந்தால் ஒட்டும் வலுவே மாறியிருக்கிறது. இடதுபக்கம் போனால் தளர்ந்தது, வலதுபக்கம் போனால் இறுகியது. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

நகர்வை ஆற்றலாக மாற்ற இயற்பியலாளர் ரெட்ஹெட் 1962-ல் கொடுத்த சூத்திரம் இன்றும் போதுமானது, மூலக்கூறு உடையாமல் ஒட்டிக் கிளம்பும் வகைக்கு. உச்சி வெப்பநிலையை 10¹³-ஆல் பெருக்கி, சூடாக்கும் வேகத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 3.64-ஐக் கழிக்க வேண்டும். வருவதை வாயு மாறிலியாலும் உச்சி வெப்பநிலையாலும் பெருக்கினால் ஆற்றல். விநாடிக்கு 2 கெல்வின் வேகத்தில் 450 கெல்வினில் உச்சி என்றால் மோலுக்குச் சுமார் 119 கிலோஜூல். அதே உச்சி பக்கத்து வாயுவால் 410-க்கு இறங்கினால் சுமார் 108. ஆக 40 கெல்வின் நகர்வுக்குப் பின்னால் 11 கிலோஜூல் இருக்கிறது. மொத்தப் பிணைப்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 300 கெல்வினில் வெப்ப அசைவின் அளவு மோலுக்கு 2.5 கிலோஜூல், அதைவிட நான்கு மடங்குக்கு மேல். யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்க இது தாராளம். ஒரு எச்சரிக்கை: அந்த 10¹³ ஓர் ஊகம், கூட்டம் கூடும்போது அதுவும் மாறும். அதனால் எண்ணின் கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள், ஒப்பீட்டை நம்புங்கள்.

இப்போது அந்த ஏமாற்று வித்தைக்கு வருவோம். ஹைட்ரஜன் உச்சி கார்பன் மோனாக்சைடு வந்ததும் இறங்கியதே, அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகத் தள்ளுவது. இன்னொன்று, இரண்டும் கலக்கவே இல்லை. கார்பன் மோனாக்சைடு தீவுகளாகச் சேர்ந்து ஹைட்ரஜனை மிச்சமுள்ள சின்ன மூலைக்குள் நெருக்கிவிட்டது, நெருக்கத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் சீக்கிரமே ஜோடி சேர்ந்து கிளம்புகின்றன. இரண்டாவதில் ஹைட்ரஜனைக் கிளப்புவது ஹைட்ரஜனேதான்.

எப்படிப் பிரிப்பது? இதற்குத்தான் குடும்பப் படம். கலப்பில் வந்த ஹைட்ரஜன் உச்சியை எடுத்து, தனி ஹைட்ரஜன் குடும்பத்தில் எந்த உறுப்பினரோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அதிக அளவு விட்ட தனிக் கோட்டின் இடத்தில் வந்து விழுந்தால் நெருக்கமே காரணமாக இருக்கலாம். நிரம்பிய தனிக் கோட்டின் உச்சியைவிடவும் குறைந்த வெப்பநிலையில், குடும்பத்தில் யாருமே இல்லாத இடத்தில் வந்து விழுந்தால் வெறும் நெருக்கத்தால் அதை விளக்குவது கஷ்டம், நேரடித் தள்ளுதலைத் தேட வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் "விலக்கம் இருக்கிறது" என்று எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஏனென்றால் தேவையான கோடுகள் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்திருக்கும்.

கலந்திருக்கிறார்களா, தனித்தனியா

நேரில் பார்க்க வழி உண்டு. எலக்ட்ரான்களைப் பரப்பில் மோதவிட்டு அணுக்களின் ஒழுங்கைப் புள்ளிகளாகக் காட்டும் எலக்ட்ரான் விளிம்பு விளைவுத் திரையில், அதாவது லீட் திரையில், இரண்டு வாயுவின் தனித்தனிப் புள்ளிகளும் ஒன்றாகத் தெரிந்தால் அவை தனித்தனித் தீவுகள். இரண்டிலும் இல்லாத புதிய ஒழுங்கு தெரிந்தால் கலந்துவிட்டன. இந்தப் படத்தைக் கடைசியில் எடுங்கள், எலக்ட்ரான் கற்றையே மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும்.

பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் தனித்தனியே ஒதுங்கும். 1997-ல் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்லின் பெர்லின் ஆய்வுக்குழு 247 கெல்வினில் ஊசிமுனை நுண்ணோக்கியால் இதை அணு அணுவாகப் படம் பிடித்தது. ஆக்சிஜன் தீவு, அதைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடு. தீவு கரையோரத்தில் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. வினை நடப்பது எல்லையில். வேகம் கரையின் நீளத்தைப் பொறுத்தது. இரண்டின் அளவையும் பெருக்கிப் போடும் பாடப்புத்தகக் கணக்கு அங்கே செல்லாது. முதன்முதலில் அந்தப் படங்களைப் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போகவே மறந்துவிட்டேன்.

கலக்கும் ஜோடிகளும் உண்டு. ரோடியம் (111) மேல் பென்சீனும் கார்பன் மோனாக்சைடும் ஒழுங்காகக் கலந்து அடுக்கிக்கொள்ளும். ஒரு பென்சீனுக்கு இரண்டு கார்பன் மோனாக்சைடு என்ற கணக்கில் (3×3) ஒழுங்கு வரும். கார்பன் மோனாக்சைடு தனியாகக் குறைவாக இருக்கும்போது ஓர் அணுவின் தலைமேல் உட்காருகிற பழக்கத்தை விட்டுவிட்டு, மூன்று அணுக்களுக்கு நடுவே உள்ள குழியில் இறங்கிக்கொள்ளும். காரணம் இருமுனைகளின், அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று பிரிந்த மின்னூட்டத்தின், திசை. பென்சீன் உலோகத்துக்கு எலக்ட்ரான் தரும், கார்பன் மோனாக்சைடு வாங்கும். எதிரெதிர்த் திசை இருமுனைகள் பக்கத்தில் இருந்தால் இருவருக்கும் லாபம், ஒரே திசை என்றால் தள்ளிக்கொள்ளும். புதிய ஜோடி எதையாவது எடுக்கும்போது முதல் ஊகத்துக்கு இது நல்ல துணை. ஒவ்வொரு வாயுவும் தனியாக உலோகத்தின் வெளியேற்று ஆற்றலை (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை) கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கூட்டி மற்றது குறைத்தால் கலக்க வாய்ப்பு அதிகம். ஊகம்தான், சட்டம் இல்லை.

பொட்டாசியம் இதன் உச்சகட்டம். வாயு இல்லைதான், ஆனாலும் ஒருமுறை செய்து பாருங்கள். பொட்டாசியம் எலக்ட்ரானை உலோகத்துக்குள் தள்ள, உலோகம் அதைக் கார்பன் மோனாக்சைடுக்குள் தள்ளும். உலோகத்தோடு பிடிப்பு இறுகி, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான கட்டு தளரும். அகச்சிவப்பில் தலைமேல் உட்கார்ந்த கார்பன் மோனாக்சைடு ஒரு சென்டிமீட்டருக்கு 2100 அலைகள் அருகே அதிரும். பக்கத்தில் பொட்டாசியம் நிறைய இருந்தால் அது 1500 பக்கம் வரை விழும். அம்மோனியா தயாரிப்பில் இரும்போடு பொட்டாசியம் சேர்ப்பதும் இதே குணத்துக்காகத்தான். அங்கே தளர்வது நைட்ரஜனின் கட்டு.

அகச்சிவப்பில் ஒரு பொறி உண்டு. மூலக்கூறுகள் கூடும்போது அதிர்வெண் ஏறினால், கட்டு மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கத்துப் பக்கத்து அதிர்வுகள் ஒன்றையொன்று தொட்டு இழுப்பதாலும் ஏறும். கார்பன்-13 கலந்த வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிர்வு ஒரு சென்டிமீட்டருக்கு 45 முதல் 50 அலைகள் வரை தள்ளி இருப்பதால் சாதாரண மூலக்கூறோடு அவ்வளவாகக் கைகோக்காது. மொத்த அளவை மாற்றாமல் கலப்பு விகிதத்தை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். சாதாரண மூலக்கூறு மிகச் சிலவே இருக்கும்போதும் மிச்சமிருக்கும் நகர்வுதான் உண்மையான வேதி மாற்றம்.

ஒரு வாரச் சோதனை முடிந்ததும் முதல் நாள் எடுத்த தனிக் கார்பன் மோனாக்சைடு ஓட்டத்தை, அதே அளவு, அதே வேகத்தில் மறுபடி எடுங்கள். பழைய கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தால் சரி, வாரத்தின் தரவுகளைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு கெல்வின் தள்ளி உட்கார்ந்தால் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டு தளர்ந்திருக்கும், அல்லது பரப்பில் கார்பன் படிந்திருக்கும். எந்த நாளில் அது தொடங்கியது என்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அந்த நாளிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.